சேஷாசலத்தின் செம்மரச் செல்வம்

தமிழகத்து இல்லங்களில் நவராத்திரிக் கொலுவில் இடம்பெறும் மரப்பாச்சி இணையை அறியாதவர் இலர். திருமணத்தின்போது மகளுக்குச் சீராகக் கொடுக்கப்படும் இப்பொம்மைகளைத் திருப்பதி சென்று திரும்புவோர் வாங்கிவருவது நெடுநாளைய வழக்கம். குழந்தை அதை வாயில் வைத்துக் கடித்தாலும் தீங்கில்லை என்று பெரியோர் கருதினர். பொம்மையைக் கல்லில் நீர் விட்டு உரைத்து, அச்சாந்தை வீக்கத்தின்மீது பூசுவதும் உண்டு. இப்பொம்மைகள் மரபாகச் செய்யப்பட்டுவந்த மரமே செம்மரம். செஞ்சந்தனம் என்றும் அதனைக் கூறுவர். தெலுங்கில் அது எர்ர சந்தனம். வடமொழியில் ரக்த சந்தனம்.

ஒரு காலத்தில் குழந்தையின் கையில் விளையாட்டுப் பொருளாக இருந்த இம்மரம் இன்று ஆயுதம் தாங்கிய காவற்படையினரால் காக்கப்படுகிறது. அதனை வெட்டச் சென்றவர்களும் காக்கச் சென்றவர்களும் உயிரிழந்திருக்கின்றனர். ஒரு மரத்தின் விலை இத்துணை உயர்ந்ததற்குக் காரணம் என்ன? அவ்வுயர்வினால் அம்மலையும் அதனைச் சூழ்ந்து வாழும் மக்களும் பெற்ற பயன் என்ன? இவ்விரு கேள்விகளையும் ஒருசேர ஆராய்வது பயனுடையதாகும்.

பெயரில் சந்தனம், இனத்தில் வேங்கை

செம்மரத்தைச் சந்தனத்தின் ஒரு வகையாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இவ்விரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. நறுமண எண்ணெய் தரும் சந்தன மரம், தன் வேர்களைப் பிற செடிகளின் வேர்களோடு பொருத்தி அவற்றிடமிருந்து சத்தின் ஒரு பகுதியைப் பெறும் அரை ஒட்டுண்ணியாகும். செம்மரமோ அவரை, துவரை போன்ற பயறுவகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நமது மலைகளில் மஞ்சட் பூக்களைச் சொரியும் வேங்கை மரம் இதற்கு நெருங்கிய உறவு. இதன் தாவரவியற் பெயர் டெரோகார்ப்பஸ் சாண்டலினஸ் என்பது. முற்பகுதி சிறகுடைய கனி என்றும், பிற்பகுதி சந்தனத்தை ஒத்தது என்றும் பொருள்படும். தட்டையான அதன் நெற்றைச் சுற்றி மெல்லிய சிறகு போன்ற விளிம்பு அமைந்திருப்பதைக் காண்போர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

சந்தனத்திற்குரிய எண்ணெயோ மணமோ செம்மரத்தில் இல்லை. அதன் சிறப்பு நிறத்திலும் உறுதியிலும் உள்ளது. வெளிப்புற மரம் வெளிறியதாக இருக்க, உள்ளே வைரம் பாய்ந்த பகுதி செந்நிறமாகவும், நாட்பட நாட்பட கருஞ்சிவப்பாகவும் மாறும். இந்நிறத்தைத் தருவது சாண்டலின் என்னும் சாயப்பொருள். அது தண்ணீரில் எளிதில் கரையாது, சாராயத்தில் கரையும். நன்கு வைரமேறிய கட்டை நீரில் இட்டால் மிதக்காமல் மூழ்கிவிடும். கறையான் அதனை எளிதில் அணுகாது.

இம்மரம் காட்டில் மிக உயர்ந்து வளர்வதில்லை. கரிய நிறமுள்ள பட்டை நீள்சதுரத் துண்டுகளாக வெடித்து முதலையின் தோலைப் போலத் தோன்றும். ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று இலைகள் இருக்கும். கோடையின் தொடக்கத்தில் இலை உதிர்த்து, பின்னர் மஞ்சள் நிறப் பூக்களைப் பூக்கும். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் ஆற்றலும் அதற்குண்டு. ஆயினும் அதன் வளர்ச்சி மெதுவானது. விலைபோகத்தக்க வைரம் ஏறுவதற்கு 25 ஆண்டுகளுக்குக் குறையாமல் காத்திருத்தல் வேண்டும். காட்டு நிலத்தில் அதனினும் நெடுங்காலம் ஆகும்.

ஒரே மலைத்தொடரின் சொத்து

உலகில் இம்மரம் இயற்கையாக வளரும் இடம் மிகக் குறுகியது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியான சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா ஆகிய குன்றுத் தொடர்களே அதன் தாயகம். நிர்வாகப் பிரிவுகளின்படி கூறினால், பழைய சித்தூர், கடப்பை, நெல்லூர் மாவட்டங்களில் பெரும்பகுதியும், கர்நூல், பிரகாசம் மாவட்டங்களிலும் தமிழக எல்லையோரத்திலும் சிறுபகுதியும் அடங்கும். 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி தனி மாவட்டமாயிற்று. திருமலைக் கோயிலைச் சூழ்ந்துள்ள மலைக்காடுகளும் இம்மரத்தின் இருப்பிடங்களே.

இம்மலைகளின் நிலம் வளமானதன்று. கல்லும் சரளையும் நிறைந்த சரிவுகளில் நீர் தங்குவதில்லை. கோடையின் வெப்பமோ கடுமையானது. மற்ற மரங்கள் தயங்கும் இச்சூழலில் செம்மரம் செழித்து வளர்கிறது. நீர் தேங்கும் நிலமும் நிழலுமே அதற்கு ஒவ்வாதவை. இப்பகுதியின் தாவர, விலங்கு வளத்தைக் காக்கும்பொருட்டு 2010ஆம் ஆண்டில் சுமார் 4,756 சதுர கிலோமீட்டர் பரப்பு சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஸ்ரீவேங்கடேசுவரா தேசியப் பூங்காவும் இதனுள் அடங்கும்.

இயற்கை ஒரு செல்வத்தை ஒரே இடத்தில் குவித்து வைத்திருப்பது பெருமைக்குரியது. அதுவே அச்செல்வத்தின் பலவீனமுமாகும். இங்கே அழிந்தால் வேறெங்கிருந்தும் அதனை மீட்டுக்கொண்டுவர இயலாது. காட்டுத்தீயும் ஓர் அச்சுறுத்தலாக உள்ளது. 2014 மார்ச்சில் திருமலையை ஒட்டிய காடுகளில் பரவிய தீயை அணைப்பதற்கு விமானப்படையின் ஹெலிகாப்டர்களை ஈடுபடுத்த நேர்ந்ததை நினைவுகூரலாம்.

சாயக்கட்டை முதல் இசைக்கருவி வரை

செம்மர வணிகம் இன்று தோன்றியதன்று. ஐரோப்பிய வணிகக் கழகங்கள் சோழமண்டலக் கரையிலிருந்து துணிவகைகளோடு செம்மரக் கட்டைகளையும் தம் கப்பல்களில் ஏற்றிச் சென்றன. அங்கே கம்பளித் துணிகளுக்குச் சாயமேற்றவும், மருந்துகளுக்கு நிறமூட்டவும் அது பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரசாயனச் சாயங்கள் பெருகியபின் இத்தேவை குறைந்தது.

ஆனால் கிழக்கு நாடுகளில் இம்மரத்தின் மதிப்பு வேறு வகையானது. சீனாவில் அரசவைக்கும் செல்வர் இல்லங்களுக்கும் உரிய உயர்ந்த நாற்காலி, பேழை போன்ற பொருள்கள் இம்மரத்தால் செய்யப்பட்டன. ஜப்பானில் சாமிசென் என்னும் மூன்று நரம்பு இசைக்கருவியின் கழுத்துப் பகுதிக்கு இம்மரமே உயர்ந்ததாகக் கருதப்படுகிறது. மரத்தின் உட்புற இழைகள் நேராக ஓடாமல் அலையலையாக அமைந்திருந்தால் அதற்கு மிகுந்த விலை கிடைக்கும். இதனைக் கொண்டே கட்டைகள் அ, ஆ, இ என்பது போலத் தரம் பிரிக்கப்படுகின்றன. வெளித்தோற்றத்தைக் கண்டு எந்த மரத்தில் அலையிழை உள்ளது என்று உறுதியாகக் கூறுதல் அரிது. ஆகவே ஒரு நல்ல கட்டைக்காகப் பல மரங்கள் வீழ்த்தப்படும் நிலை ஏற்படுகிறது.

அணு உலைகளில் கதிர்வீச்சைத் தடுப்பதற்கு இம்மரம் பயன்படுகிறது என்றொரு பேச்சு மக்களிடையே பரவியுள்ளது. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அழகிய மரப்பொருள்களின்மீதும் அவற்றால் வரும் சமூக மதிப்பின்மீதும் வெளிநாட்டுச் செல்வர் கொண்ட விருப்பமே விலையேற்றத்திற்கு முதற்காரணம். தேவை இருந்து, முறையான வழங்கல் குறைவாக இருக்கும்போது கள்ளச் சந்தை தோன்றுவது பொருளாதார நியதி.

கோடரி பிடித்தவரும் கொள்ளை கொண்டவரும்

இக்கள்ளச் சந்தையின் அடித்தளத்தில் நிற்பவர் யார் என்பதைத் தமிழக வாசகர் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையும், தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையும், சேலம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களைச் சார்ந்த கல்வராயன் மலையும் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழும் இடங்கள். மானாவாரி நிலத்தில் சாமையும் தினையும் விளைவித்தும், காட்டுப் பொருள்களைச் சேகரித்தும், கூலிக்குச் சென்றும் வாழ்பவர்கள் இவர்கள். ஜவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தன மரங்களுக்குப் பெயர்பெற்றது. திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு அமைந்ததும் அதனாலேயே. மரம் வெட்டுவதிலும், வெளிமரத்தைச் செதுக்கி வைரத்தைப் பிரிப்பதிலும், பாரத்தைத் தோளில் சுமந்து மலைச்சரிவில் இறங்குவதிலும் அம்மக்களுக்கிருந்த திறமை செம்மரக் கடத்தற்காரர்களின் கண்ணில் பட்டது. சந்தன வளம் குன்றி வேலையும் அருகிய நிலையில், முன்பணம் கொடுத்து அழைக்கும் தரகனின் சொல் எளிதாக எடுபட்டது.

எல்லை கடந்து செல்பவர்களுக்குத் தாம் செல்லும் காட்டின் தன்மையோ சட்டத்தின் கடுமையோ முழுமையாகத் தெரிவதில்லை. கட்டைகள் காட்டிலிருந்து சாலைக்கும், சாலையிலிருந்து துறைமுகத்திற்கும், அங்கிருந்து கடல் கடந்தும் செல்கையில் ஒவ்வொரு கட்டத்திலும் விலை பெருகுகிறது. கூலியாள் பெறுவது அதில் மிகச் சிறு பகுதியே. பிடிபடும்போது சிறைக்குச் செல்பவன் பெரும்பாலும் அவனே. பின்னிருந்து இயக்குபவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்துதல் அத்துணை எளிதாக இருப்பதில்லை.

இதன் விளைவு சில வேளைகளில் பெருந்துயரமாக முடிந்துள்ளது. 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் கடத்தற்காரர்களைத் தடுக்கச் சென்ற வனத்துறை அலுவலர் இருவர் தாக்கிக் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சந்திரகிரிக்கு அருகே அதே காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த தொழிலாளர் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். தற்காப்புக்காகவே சுட நேர்ந்தது என்று காவல்துறையினர் கூறினர். அதனை ஏற்க மறுத்த மனித உரிமை அமைப்புகள் விசாரணை கோரின. தேசிய மனித உரிமை ஆணையம் அந்நிகழ்வை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. கடமையாற்றச் சென்ற அலுவலரின் குடும்பமும், கூலிக்குச் சென்ற மலைவாழ் தொழிலாளியின் குடும்பமும் ஒரே மரத்தின்பொருட்டு ஆதரவிழந்தன என்பது மறக்கத்தக்கதன்று.

சட்டத்தின் அரண்

செம்மரத்தைக் காக்கச் சட்டங்களுக்குக் குறைவில்லை. அழிவுறும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கையில் இந்தியா 1976ஆம் ஆண்டு முதல் உறுப்பு நாடாக உள்ளது. அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995ஆம் ஆண்டில் செம்மரம் சேர்க்கப்பட்டது. இதன்படி உரிய சான்றின்றி அதனை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்கு அனுப்புதல் இயலாது. காட்டில் இயற்கையாக வளர்ந்த மரத்தை வெட்டி ஏற்றுமதி செய்வதற்கு இந்தியாவில் அனுமதி இல்லை. 2022ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, இவ்வுடன்படிக்கைக்குட்பட்ட உயிரினங்களுக்கென அமைந்த நான்காம் அட்டவணையில் செம்மரமும் இடம்பெற்றது. ஆந்திர மாநிலம் 2016ஆம் ஆண்டில் தன் வனச்சட்டத்தைத் திருத்திச் செம்மரக் குற்றங்களுக்குரிய தண்டனையைக் கடுமையாக்கியது. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு கடத்தல் தடுப்புக்கென்றே தனிக் காவற்படையும் இயங்குகிறது.

ஆயினும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் செம்மரத்தை அழியும் அபாயத்திலுள்ள இனமாகவே வகைப்படுத்தியுள்ளது. 2018ஆம் ஆண்டில் சற்றே மேம்பட்ட நிலையில் வைக்கப்பட்ட இம்மரம், அடுத்த சில ஆண்டுகளிலேயே மீண்டும் பழைய நிலைக்குத் தாழ்த்தப்பட்டது. காவல் இன்றியமையாதது; ஆனால் காவல் ஒன்றே போதுமானதன்று என்பதை இது காட்டுகிறது.

கிடங்கிலுள்ள மரமும் மக்களின் பங்கும்

பல்லாண்டுகளாகப் பறிமுதல் செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான டன் கட்டைகள் ஆந்திர வனத்துறையின் கிடங்குகளில் குவிந்தன. இவற்றை முறையாக விற்பதற்கு மைய அரசும் பன்னாட்டு உடன்படிக்கை அமைப்பும் வழிவகுத்தன. பறிமுதலான மரத்தில் 11,806 டன் ஒருமுறை ஏற்றுமதிக்கும், பயிரிட்டு வளர்த்த மரத்தில் ஆண்டுக்கு 310 டன் ஏற்றுமதிக்கும் அளவு குறிக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டில் ஆந்திர அரசு மின்னணு முறையில் உலகளாவிய ஏலத்தை நடத்தியது.

இவ்வருவாயில் ஒரு பகுதி வளத்தைக் காப்போரைச் சேர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டத்தின் கோட்பாடு. 2014ஆம் ஆண்டில் வெளியான நெறிமுறைகள், சந்தனம், செம்மரம் போன்ற உயர்மதிப்பு வளங்களுக்கு ஏலத்தொகையில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத பங்கை முன்னதாகவே பெற வகைசெய்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய உயிரியற் பன்மை ஆணையம் இப்பங்கினைத் திரட்டி வழங்குகிறது. 2025ஆம் ஆண்டில் சித்தூர், திருப்பதி, நெல்லூர், கடப்பை மாவட்டங்களைச் சேர்ந்த 198 உழவர்கள் உள்ளிட்டோர்க்கு 3 கோடி ரூபாயும், தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்து உழவர் 18 பேருக்கு 55 லட்சம் ரூபாயும் ஒதுக்கப்பட்டன. ஆந்திரத்தில் ஒரு லட்சம் செம்மரக் கன்றுகளை வளர்த்து, காட்டிற்கு வெளியே நடுவதற்காக உழவர்க்கு வழங்கும் திட்டத்திற்கு 82 லட்சம் ரூபாய் அளிக்கப்பட்டது. வணிகத்தின் மொத்த மதிப்போடு ஒப்பிடுகையில் இத்தொகைகள் சிறியவை. எனினும் மரத்தின் பயன் அதனை வளர்ப்பவரை நேராக வந்தடையும் வழி திறந்திருப்பது வரவேற்கத்தக்கது.

உழவரின் நிலத்தில்

காட்டு மரத்தின்மீதுள்ள அழுத்தத்தைக் குறைக்கும் வழிகளில் முதன்மையானது அதனைப் பட்டா நிலத்தில் வளர்த்தலே. செம்மண், சரளை நிலங்களில் நீர் தேங்காத இடமாகத் தேர்ந்து இதனை வளர்க்கலாம். நெற்றுகளின் சிறகு விளிம்பை நறுக்கி, நீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்புத்திறன் கூடும். தொடக்க ஆண்டுகளில் வரிசைகளுக்கிடையே துவரை, நிலக்கடலை போன்றவற்றை ஊடுபயிராகச் செய்து உழவர் வருவாய் பெறவும் இடமுண்டு. தனியார் நிலத்தில் வளர்க்கப்பட்ட செம்மரத்தை ஏற்றுமதி செய்வதற்கு 2019ஆம் ஆண்டில் மைய அரசு அனுமதி அளித்தது. 2004 முதல் இந்தியச் செம்மர வணிகத்தின்மீது இருந்துவந்த பன்னாட்டுச் சிறப்பு மீளாய்விலிருந்து 2023 நவம்பரில் இந்தியா விடுவிக்கப்பட்டதும் வளர்ப்போர்க்கு ஊக்கமளிக்கும் செய்தியாகும்.

எனினும் சில இடர்ப்பாடுகள் உள்ளன. வெட்டுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் பல அலுவலகங்களின் அனுமதி தேவைப்படுகிறது. கால் நூற்றாண்டு காத்திருக்கும் வசதி சிறு உழவர்க்கு இல்லை. விரைவிற் பெருஞ்செல்வம் கிட்டும் என்னும் விளம்பரங்களை நம்பிக் கன்று வாங்குவோர் ஏமாற்றமடையக்கூடும். வைரம் ஏறுவதற்குரிய காலத்தை எந்த உரமும் வெகுவாகக் குறைத்துவிடாது. அலையிழை அமைவதும் உறுதியன்று. ஆகவே இதனை வரப்பு ஓரத்திலும் தரிசிலும் வளர்க்கும் நெடுங்கால வைப்புநிதியாகக் கருதுவதே சிறு உழவர்க்குப் பொருத்தமாகும்.

சந்தனத்தின் வரலாறு இங்கே ஒரு படிப்பினையாகும். தன் நிலத்தில் முளைத்த சந்தனம் தனக்கே உரியதன்று என்றிருந்தவரை உழவர் அதனை வளர்க்க அஞ்சினர். கர்நாடகமும் தமிழகமும் 2001, 2002ஆம் ஆண்டுகளில் சட்டத்தைத் திருத்தி நில உடைமையாளர்க்கு உரிமை வழங்கிய பின்னரே தனியார் நிலங்களில் சந்தன வளர்ப்புப் பரவியது. உரிமையும் எளிய நடைமுறையும் இருந்தால் மரம் வளரும் என்பதற்கு இது சான்று.

மலையும் மக்களும்

செம்மரத்தைக் கொண்டு அழகிய பொருள்களை உருவாக்கும் கைத்திறனும் இம்மண்ணுக்கு உண்டு. காளத்திக்கு அருகிலுள்ள மாதவமாலா சிற்றூரின் மரச்சிற்பிகள் புகழ்பெற்றவர்கள். கட்டையாக அயல்நாடு சென்று அங்கே பொருளாக மாறும் மரத்தின் ஒரு பகுதியேனும் இங்கேயே சிற்பமாகவும் இசைக்கருவியாகவும் உருப்பெற்றால், மரத்தின் மதிப்போடு உழைப்பின் மதிப்பும் நாட்டில் தங்கும். முறையான வழியில் கிடைக்கும் மரத்தைச் சிற்பிகளுக்கு நியாயமான விலையில் வழங்குதல் இதற்கு முதற்படியாகும்.

அதனினும் இன்றியமையாதது ஜவ்வாது, சித்தேரி, கல்வராயன் மலைகளின் முன்னேற்றம். சாமை, தினை ஆகியவற்றிற்கு நல்ல விலை, புளி, கடுக்காய், தேன் போன்ற காட்டுப் பொருள்களுக்குக் கூட்டுறவு வழியே சந்தை, ஆண்டு முழுவதும் ஊரிலேயே வேலை, பிள்ளைகளுக்கு மலையிலேயே உயர்நிலைக் கல்வி ஆகியவை கிடைத்தால் தரகனின் முன்பணத்திற்கு அங்கே இடமிராது. மரத்தை அறிந்த கைகள் நாற்றங்கால்களிலும், தீத்தடுப்புப் பணியிலும், காடு வளர்ப்பிலும் ஈடுபடுத்தத்தக்கவை. வெட்டும் திறமை வளர்க்கும் திறமையாக மாறுதல் இயலாததன்று.

சேஷாசலத்தின் கற்பாறைகளுக்கிடையே மெல்ல வைரமேறி நிற்கும் செம்மரம் ஒரு நாட்டின் செல்வம். உலகில் வேறெங்கும் இல்லாத செல்வம். அதனைக் காப்பதற்கு வேலியும் காவலும் தேவை. அவற்றோடு மரத்தை வளர்க்கும் உழவர்க்கு உரிமையும், செதுக்கும் சிற்பிக்கு மரமும், கூலி தேடி எல்லை கடக்கும் மலைவாழ் தொழிலாளிக்குச் சொந்த ஊரிலேயே வாழ்வும் கிடைத்தல் வேண்டும். கொலுவில் நிற்கும் மரப்பாச்சி அடுத்த தலைமுறைக்கும் அச்சமின்றிக் கிடைக்கும் பொருளாக இருப்பது அப்போதுதான் கைகூடும்.